ஈம் ஊர்ப்பெயர் ஆய்வு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் வரலாற்றுச் சங்கம் இவ்வாண்டு எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் டார்பிஷர் மாவட்டத்திலுள்ள ஈம் கிராமத்துப் பெயர். எழுதுவது இ-ஒய்-ஏ-எம், சொல்வது ‘ஈம்’. 1665-66 கொள்ளைநோயால் உலகறிந்த ஊர். ஆனால் அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டு முன்பே பெயர் ஏட்டில் ஏறிவிட்டது.

இங்கிலாந்து மன்னர் வில்லியம் எடுப்பித்த நிலக் கணக்கேடான 1086இன் டூம்ஸ்டே ஏட்டில் அது ஏ-ஐ-யு-என்-இ. அப்படியே வாசித்தால் பொருள் கிடைக்காது. அக்காலக் கையெழுத்தில் ஐக்கு ஒரு குறுங்கோடு, யுவுக்கும் என்னுக்கும் இரண்டிரண்டு, எம்முக்கு மூன்று. ஐயின் தலையில் புள்ளி வைப்பதும் வழக்கமில்லை. ஒரு கோடு விட்டுப்போனால் எம், என் ஆகிவிடும். இங்கும் அதுதான் நடந்தது என்று கொள்கிறோம். எம் எழுத்தைத் திரும்ப வைத்தால் பழைய ஆங்கிலச் சொல் தெளிகிறது: ‘ஏய்’ என்றால் தீவு, ‘உம்’ பன்மை வேற்றுமை உருபு; ‘தீவுகளில்’ என்று பொருள். அச்சொல்லை ஜி போட்டு எழுதினாலும் ஒலி யகரமே. இன்றைய ஒய் அதன் எச்சம்.

மலைச்சரிவில் தீவு ஏது? ஊரின் இரண்டு ஓடைகளுக்கு நடுவே நின்று பார்த்தால் விளங்கும். நீருக்கு இடைப்பட்ட நிலத்துக்கும் அச்சொல் வழங்கியது.

இறுதி ‘அம்’மைக் கண்டதும் பர்மிங்ஹாமின் ‘ஹாம்’, அதாவது குடியிருப்பு, என்று முடிவுகட்டுவதே அடிக்கடி நேரும் பிழை. இன்றைய வடிவிலிருந்து பொருள் சொல்லவே கூடாது. இதே உருபு ஓக் மரங்களைக் குறித்த ‘ஆகும்’ என்ற பெயரில் யார்க்கருகே ஏகம் ஆயிற்று. ஆக்ஸ்போர்டுஷரில் ‘ஓக் மரத்தருகே’ எனப் பொருள்படும் ‘அட்டென் ஓக்’ என்ற தொடரைத் தவறாகப் பிரித்ததில் னகரம் ஒட்டிக்கொண்டு நோக் ஆயிற்று.

படியெடுப்போர் ஒரு வடிவுக்கு ஓர் அட்டை வையுங்கள். எழுத்தைத் திருத்தாதீர்கள், சுருக்கக்குறியை விரித்தால் அடைப்புக்குறிக்குள் காட்டுங்கள். ஆவணத்தின் ஆண்டும் படியின் ஆண்டும் தனித்தனியே வேண்டும். பிற்காலப் படி எழுதியவர் தம் கால எழுத்தைப் புகுத்தியிருப்பார். இரண்டையும் கலந்தால் வரிசையே குலைந்துவிடும். நமக்கு அதிக நேரம் பிடித்த வேலையும் இதுவே.

வரும் ஆண்டில் வயற்பெயர்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் தசமபாகத்தைப் பணமாக மாற்ற, 1836 சட்டத்தின்படி வரைந்த தசமபாக வரைபடங்களே தொடக்கம். வீட்டில் பழைய நிலப்பத்திரம் வைத்திருப்போர் படமெடுக்கத் தந்துதவ வேண்டுகிறேன். கிழிந்திருந்தாலும் செல்லோடேப் ஒட்டாமல் கொண்டுவாருங்கள். அதன் பசை மையையும் தாளையும் கறையாக்கிவிடும்.

செயலாளர்