மாணவர்களின் ஆய்வைச் சிறுமைப்படுத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டு மருத்துவ ஆய்வுப் பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரையில், இளநிலை மாணவர்கள் அங்கே செய்யும் ஆராய்ச்சி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கத்தான் உதவும் என்று எழுதியிருந்தீர்கள். மனசு மிகவும் வருத்தப்பட்டது. பட்டப்படிப்பின்போது அப்படிப் போய் வந்தவள் நான். இன்று என் லேபுக்கு வரும் மாணவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.

பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல் கணையத்தின் செல் தீவுகளை (இன்சுலின் சுரப்பது இவைதான்) விவரித்தபோது பெர்லினில் மருத்துவ மாணவர். 1921இல் டொரொன்டோவில் மருத்துவர் பான்டிங்கோடு இன்சுலினைப் பிரித்தெடுக்க உழைத்த சார்லஸ் பெஸ்ட் அந்த வருஷம்தான் இளநிலைப் பட்டம் வாங்கியவர். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் அந்த லேபின் தலைவர் மெக்லியாடுக்கும் போனபோது, பான்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மனசு எல்லாரிடமும் இருப்பதில்லை. நான் எடுத்த படங்கள் ஒரு ஆய்வுக் கட்டுரையில் அச்சாகின, என் பெயர் நன்றி சொல்லும் பகுதியில்கூட இல்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாமே.

அப்படியும் அந்தப் பயிற்சியை நான் குறை சொல்ல மாட்டேன். வெஸ்டர்ன் பிளாட் என்பது செல்லில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. செல்லின் புரதங்களை ஒரு சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் அதை ராத்திரி முழுக்கக் குளிரில் ஊறவைத்து, மறுநாள் பார்த்தால் புரதத்தைக் காட்டும் பட்டையே தெரியாது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா, புரதம் சவ்வுக்கு மாறவில்லையா, இல்லை அந்த செல்லில் அந்தப் புரதமே கிடையாதா என்று ஒவ்வொன்றாகத் தேடி, முடிவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியைக் கன்ட்ரோலாக வைத்து மறுபடி செய்து, சரியாக வராததையும் லேப் நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். எந்தப் பாடப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லித்தரவில்லை, என் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தார்.

அப்புறம், கட்டணம் வாங்கிக்கொண்டு லேபைச் சுற்றிக்காட்டிச் சான்றிதழ் தரும் ஏஜென்சிகளையும் முறையான திட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். பயிற்சியே இல்லாத பிள்ளைகளை நோயாளிக்கு ஊசி போடவிடுவது ஆராய்ச்சியே அல்ல, நோயாளிக்கு ஆபத்து. மனிதர்களிடம் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வேண்டும், உலக மருத்துவச் சங்கத்தின் 1964 ஹெல்சிங்கி பிரகடனமும் அதன் 1975 திருத்தமும் வந்ததிலிருந்து இது உலகறிந்த விஷயம். அப்படிப்பட்ட ஏஜென்சி விளம்பரங்கள் உங்கள் பக்கங்களிலேயே வருகின்றன, முன்பே இதைப் பற்றி எழுதினேன், பதில் வரவில்லை.

யார் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) நடத்தும் ரைஸ் (RISE) ஆய்வுப் பயிற்சித் திட்டம் வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து மாணவர்களுக்கானது, அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். தரும் கோடைப் பயிற்சிக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். கனடாவின் மைட்டாக்ஸ் அமைப்பு நடத்தும் குளோபலிங்க் திட்டம் பல நாட்டு மாணவர்களுக்கும் 12 வாரப் பயிற்சி தருகிறது. மருத்துவ மாணவர்களுக்கு, உலக மருத்துவ மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பான ஐ.எஃப்.எம்.எஸ்.ஏ. நடத்தும் ஆய்வுப் பரிமாற்றம் இருக்கிறது. தகுதியே இல்லாத திட்டத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வந்து நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள்: திட்டத்தின் பெயர், யாருக்கு, கடைசித் தேதி, உதவித்தொகை உண்டா இல்லையா. அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி