பஸ் ஸ்டாப்பில் நின்ற மஞ்சள் சட்டை

அன்புள்ள கோமு,

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் பையன் போனில் சொன்னான். டாக்டர் மாடிப்படி ஏறாதே என்றால் ஏறாதே, அவ்வளவுதான். உன்னை எனக்குத் தெரியாதா, வாசலில் யாராவது மணி அடித்தால் வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு நீயே போய் நிற்பாய். இங்கே தென்காசியில் சாரல் ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. கொடியில் போட்ட புடவை மூன்று நாளாகக் காயாமல் ஈர வாடை அடிக்கிறது, முறுக்கு நமுத்துப்போகிறது, மற்றபடி சௌக்கியம்.

அப்படி ஒரு மத்தியானம், கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தபோது, லீவுக்கு வந்திருந்த என் தம்பி மகள் அவளுடைய டேப்லெட்டை நீட்டி, "அத்தை, உங்க காலத்துப் படம் ஏதாவது போடட்டுமா?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. ‘சோட்டி ஸி பாத்’ என்றேன், நம் அந்த ஹிந்திப் படம்.

ஞாபகம் இருக்கிறதா? பம்பாயில் மாதுங்கா ஹாஸ்டலில் வார்டன் அறைக்கு வெளியே ஸ்டூல் மேல் இருந்த அந்தக் கறுப்பு வெள்ளை டிவி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதற்கு முன்னால் நாற்பது பெண்கள், மராத்திப் பெண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொள்ள நாம் இரண்டு பேரும் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு, நீ ஹெம்மிங் போட்டபடியே பாதி வசனத்துக்கு என்னிடம் அர்த்தம் கேட்பாய். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அது கலர் படம் என்பதே எனக்கு உறைத்தது. கதாநாயகி வித்யா சின்ஹாவின் புடவைகளுக்கெல்லாம் நிறம் இருக்கிறது, கோமு! அத்தனையையும் நாம் சாம்பல் நிறத்திலேயே பார்த்துவிட்டு, அதே பூப்போட்ட புடவை வேண்டும் என்று தாதரில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறோம்.

கதை என்று பார்த்தால் என்ன இருக்கிறது அதில்? அருண் என்று ஒருவன், ஆபீசில் வேலை, கூச்ச சுபாவம், தனக்குக் கீழே இருப்பவர்களைக்கூட அதட்டத் தெரியாதவன். பிரபா என்று ஒருத்தி, வேறொரு ஆபீஸ். இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கிறார்கள். அவன் பேச நினைக்கிறான், வாய் வரவில்லை. பாதிப் படம் இதுதான். வந்தது 1976-இல். அதற்கு முந்தைய வருஷம்தான் ‘ஷோலே’ வந்து ஊரெல்லாம் குதிரையும் துப்பாக்கியுமாக இருந்தது, நாட்டில் எமர்ஜென்சி வேறு. அந்த நேரத்தில் ஸ்டார்ட் ஆகாத ஒரு மோட்டார் பைக்கைப் பெரிய ஆபத்தாகக் காட்டி ஒருத்தர் படம் எடுத்திருக்கிறார் பாரேன்! டைரக்டர் பாசு சட்டர்ஜி அதற்கு முன்னால் ‘பிளிட்ஸ்’ பத்திரிகையில் பதினெட்டு வருஷம் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர் என்று எங்கேயோ படித்த பிறகு எனக்கு விஷயம் பிடிபட்டது. மனுஷர்கள் வரிசையில் நிற்கும்போது எப்படிக் கையைக் காலை வைத்துக்கொள்வார்கள், பார்க்காத மாதிரி எப்படிப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் கார்ட்டூன்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அருணாக வரும் அமோல் பாலேகரும் நடிக்க வருவதற்கு முன் பாங்க் ஆப் இந்தியாவில் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, அந்தச் சட்டையும் பேன்ட்டும் அவர் மேல் வேஷம் மாதிரியே தெரியாது, நம் கவுண்டரில் பார்த்த ஆள் மாதிரி இருப்பார்.

எனக்கு அந்தப் படத்தில் ஏன் இவ்வளவு இஷ்டம் என்று அந்த மத்தியானம் பூரா யோசித்தேன். ஆபீசுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாளில் சொந்தமான நேரம் எவ்வளவு, சொல்லு? காலையில் பாத்ரூம் வரிசை, அப்புறம் பஸ் வரிசை, ஒன்பதேகாலுக்கு மஸ்டரில் கையெழுத்து, லேட் மார்க் மூன்று விழுந்தால் அரை நாள் லீவு போச்சு, அப்புறம் கார்பன் தாள், ரெமிங்டன், "டேக் டவுன் எ லெட்டர்", சாயங்காலம் மறுபடியும் வரிசை. இதற்கு நடுவில் நமக்கென்று மிஞ்சுவது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஏழெட்டு நிமிஷமும் மத்தியானச் சாப்பாட்டு அரை மணியும்தான். இந்தப் படத்தில் காதல் அந்த ஏழெட்டு நிமிஷத்துக்குள்ளேயே நடக்கிறது. யாரும் வேலையை விட்டுவிட்டு மலைமேல் ஏறிப் பாடவில்லை. பாட்டுக்கூட சினிமா கொட்டகையில், திரையில் தர்மேந்திராவும் ஹேமமாலினியும் பாட, பார்த்துக்கொண்டிருக்கும் அருண் அவர்கள் இடத்தில் தன்னையும் பிரபாவையும் வைத்துக் கற்பனை செய்துகொள்வதுதான். அந்த ‘ஜானேமன்’ பாட்டில் நம்ம யேசுதாஸ் குரல் வந்ததும் பின்வரிசையில் நாம் இரண்டு பேரும் என்னவோ நாமே பாடின மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தோமே! மியூசிக் சலில் சௌத்ரி. பின்னால் தமிழில் ‘பூவண்ணம் போல நெஞ்சம்’ போட்ட அதே ஆள். அந்தப் பாட்டை ரேடியோவில் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பம்பாய் பஸ்தான் ஞாபகம் வரும், காரணம் கேட்காதே.

அப்புறம் நாகேஷ். வில்லனுக்கு அந்தப் பேரைக் கேட்டதும் நாம் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரிகள் திரும்பி முறைத்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் நாகேஷ் என்றால் நமக்கு யாரென்று. அந்த வேஷத்தில் அஸ்ரானி என்ன போடு போடுகிறார்! பிரபாவோடு அதே ஆபீசில் வேலை, கையில் ஸ்கூட்டர், டேபிள் டென்னிஸ் தெரியும், ஹோட்டலில் அருண் மெனு கார்டைத் தடவிக்கொண்டிருக்கும்போதே இவன் வெயிட்டரைக் கூப்பிட்டு ஆர்டர் கொடுத்துவிடுவான். ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியை ஒட்டி நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்த சமோவார் கஃபே, அதுவும் வருகிறது படத்தில். முதல் சம்பளத்தில் அங்கே போய் ஒரு டீயோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோமே. 2015-லேயே அதை மூடிவிட்டார்கள். போட்டோக்களில் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, படத்தில் பார்த்தால் அப்படி இல்லை, அங்கே இன்னும் டீ வருகிறது.

இரண்டாம் பாதியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அருண் கண்டாலாவுக்குப் போகிறான், அங்கே அசோக் குமார், கர்னல் ஜூலியஸ் நாகேந்திரநாத் வில்ஃப்ரெட் சிங் என்று மூச்சு முட்டப் பேர் வைத்துக்கொண்டு, கூச்சப்படுகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். 1960-இல் வந்த ஓர் இங்கிலீஷ் படத்திலிருந்து எடுத்த கதை அது. அவரிடம் படித்துவிட்டு வந்து அருண், நாகேஷை ஒவ்வொரு இடமாக மடக்குகிறான். அதே டேபிள் டென்னிஸ், அதே ஹோட்டல், அந்தப் பழைய பைக்கைக்கூட வாங்கின இடத்திலேயே தள்ளிவிட்டு வருகிறான். தியேட்டரில் கைதட்டியிருப்பார்கள். சிரிப்பு வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது என்னவோ முதல் பாதி அருண்தான். எதுவும் தெரியாதவன், வியர்க்கிறவன், சொல்ல நினைத்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்கிறவன். படித்துவிட்டு வந்தவனிடம் கொஞ்சம் நாகேஷ் வாடை அடிக்கிறது.

இன்னொன்று, அப்போது நான் கவனிக்காதது. கர்னலிடம் ஆண்பிள்ளைகள்தான் வரிசையாகப் போகிறார்கள், அமிதாப் பச்சன்கூட ஒரு சீனில் யோசனை கேட்க வந்து நிற்கிறார். பிரபாவுக்கு எந்தக் கர்னலும் பாடம் எடுக்கவில்லை, அவளுக்குத் தேவையும் இல்லை. பின்னால் அவன் வருவது அவளுக்கு முதல் நாளே தெரியும். திரும்பிப் பார்க்காமலேயே அவன் எத்தனை அடி தள்ளி வருகிறான் என்று அளந்து வைத்திருப்பாள். நீயும் நானும் அளக்கவில்லையா? அந்தச் சின்னச் சிரிப்பை உதட்டிலேயே நிறுத்திவைத்துக்கொண்டு அவன் எப்போது வாயைத் திறப்பான் என்று அவள் காத்திருக்கிறாளே, அந்தப் பொறுமையில்தான் படமே ஓடுகிறது. அவள் ஒரு நாள் பொறுமையிழந்து "என்ன வேணும்?" என்று கேட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும்.

என் தம்பி மகள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர். "அத்தை, இது ஸ்டாக்கிங், இவன் தினமும் ஃபாலோ பண்றான்" என்றாள். 2013 சட்டம், பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். நான் வாதாடவில்லை. நம்முடைய இரண்டாவது ஆபீசில் டிக்டேஷன் என்று கூப்பிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வாரே ஒரு பெரிய மனுஷர், அவருக்குப் பயந்து நீ ஸ்வெட்டரைக் கழற்றாமல் மே மாசத்தில் வேர்த்து வழிந்தாயே, அப்போது இப்படி ஒரு குழு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவள் சொல்வது சரிதான். ஆனால் பிரபா பயப்படவில்லை என்பதும் படத்தில் தெரிகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் முதுகுத்தண்டு நொடியில் சொல்லிவிடும், சட்டப் புத்தகத்தில் எப்படி எழுதுவார்களோ தெரியவில்லை. அப்படிச் சொன்னேன். "ம்ம்" என்றாள். அப்புறம் மிச்சத்தையும் போட்டாள். வித்யா சின்ஹா இப்போது எங்கே என்று கேட்டாள். 2019-இல் போய்விட்டார், அடுத்த வருஷமே பாசு சட்டர்ஜியும் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

சரி, இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது எதற்கென்றால், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் சட்டை.

நீ மறந்திருக்க மாட்டாய். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டாப்பில் எட்டு மாசம் நமக்கு இரண்டு ஆள் பின்னால் நின்றவன். வாரத்தில் மூன்று நாள் அதே மஞ்சள் சட்டை, பாக்கெட்டில் இங்க் கறை. ஒரு நாள் நீ பத்து ரூபாய் நோட்டை நீட்டி, கண்டக்டர் பெட்டியில் டிக்கெட் பஞ்சைத் தட்டித் தட்டிச் சில்லறை கேட்டுக் கத்த, அவன் எட்டிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் அந்தச் சில்லறையைத் திருப்பிக் கொடுக்க நீ கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தாய், கொடுக்கவே இல்லை. ராத்திரி படுக்கையில், "நாளைக்காவது பேசுவானாடி?" என்று கேட்பாய்.

நீ உன் சித்தி பெண் கல்யாணத்துக்கு அம்பாசமுத்திரம் போனாய் அல்லவா, அந்த வாரம் அவன் பேசினான். என்னிடம். தமிழில்! தமிழ்க்காரன் என்பதே நமக்குத் தெரியாது. "உங்க ஃப்ரெண்ட் ரெண்டு நாளா வரலியே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். குரல் நடுங்கிற்று. எனக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை, எட்டு மாசமாக என்னை ஒரு தடவைகூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்ற எரிச்சலா, வெறும் விளையாட்டா, "ஊருக்குப் போயிருக்கா, பெண் பார்க்க வர்றாங்க, அநேகமா முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டேன். "ஓ, நல்லது" என்றான். அன்றைக்குப் பஸ் வந்ததும் அவன் ஏறவில்லை. நீ திரும்பி வந்த திங்கட்கிழமை, அவனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கும் என்று நீயாகவே சொல்லிக்கொண்டாய், நானும் ஆமாம் போட்டேன்.

உனக்கு நல்ல மனுஷர்தான் வாய்த்தார், முப்பத்தெட்டு வருஷம் நன்றாகவே வைத்திருந்தார், அதனால் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் அஸ்ரானி ஸ்கூட்டரைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் நிறுத்தும் இடம் வந்ததும் எனக்கு அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை. தம்பி மகள் "என்னாச்சு அத்தை?" என்றாள். கண்ணில் தூசி என்றேன், மழை நாளில் என்ன தூசி.

முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பார்சல் அனுப்புகிறேன். கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, பதில் கடிதம் எழுதாதே, அது வருகிற வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது.

உன்,
விசாலம்