சம்மணமிடும் காலுக்கு ஏற்ற உறை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

முக்கூடலில் 40 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி 16 வயதிலிருந்து பீடி சுற்றுகிறாள். சொளகை (முறத்தை) மடியில் வைத்துச் சம்மணமிட்டால் எழுந்திருக்க மதியம் ஆகிவிடும். இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். உட்பக்கக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்து, கால் வில்லாக வளையத் தொடங்கிவிட்டது.

சென்ற ஆண்டு கீல் வைத்த முழங்கால் உறை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூன்று இடங்களில் அழுத்தம் கொடுத்து, தேய்ந்த பக்கத்துப் பாரத்தை வெளிப்பக்கம் தள்ளும் அமைப்பு. நடக்கும்போது வலி குறைகிறது என்றாள். உட்கார்ந்தால்தான் வினை. நடக்கையில் முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்கினால் போதும். சம்மணத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். மடக்கியதும் ரப்பர் பின்பக்கம் சுருண்டு திரண்டது. வெல்க்ரோ சேலையைக் கவ்வி நூல் நூலாக இழுத்தது. சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை தேங்கி வேர்க்குரு வந்தது. பத்தாம் நாள் உறை பரணுக்குப் போய்விட்டது.

நான் அதை இறக்கிப் பிரித்தேன். பின்மடிப்பில் முட்டை வடிவில் வெட்டிப் பனியன் துணி வைத்துத் தைத்தேன். வெல்க்ரோவுக்கு மேல்மூடி போட்டேன். உறை வந்த பெட்டியில் அளவு என்று முழங்காலின் சுற்றளவு மட்டுமே போட்டிருந்தது. மார்பளவு ஒன்றை வைத்து ரவிக்கைக்குக் கை வெட்ட முடியுமா? தொடை, கெண்டைக்கால் இரண்டையும் அளந்து பட்டைகளைத் திருத்தினேன். இப்போது காலையில் மாட்டினால், பீடிக் கட்டுகளைக் கடையில் போட்டுவிட்டு வரும்வரை கழற்றுவதில்லை. மருத்துவர் சொன்ன தொடைப் பயிற்சியையும் விடாமல் செய்கிறாள். உறை அதற்கு மாற்றாகாது.

கீல் மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. முழங்கால் கதவைப்போல் ஓரிடத்தில் நின்று திரும்புவதில்லை. மடங்க மடங்க அதன் அச்சு நகர்கிறது. ஒற்றை ஆணிக் கீல் அதற்கு ஈடுகொடுக்காமல் உறையைக் கீழே இழுக்கிறது. இது பொறியியல் படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களும், ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர்களும் சேர்ந்து இதைக் கையிலெடுக்க வேண்டுகிறேன். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களையும், பத்தமடையில் பாய் நெய்யும் பெண்களையும் நேரில் பாருங்கள்.

அவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அளவெடுங்கள். நின்றபோது எடுத்ததைவிட என் மனைவிக்குத் தொடையில் ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தது.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
முக்கூடல்.