களத்தில் அரப்புத் தேய்த்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

காங்கேயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்துச் சொந்தங்களுக்கும், சென்னையில் என்னோடு ஆடிய தோழிகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

நேற்றுப் பொழுதோடு நம் பழைய கூடைப்பந்துத் தளத்தில் மறுபடியும் பந்து தட்டினோம். பூட்டைத் திறந்ததும் பிள்ளைகள் பைகளை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அழுதேன். தளம் பூட்டிக் கிடந்த இந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைக் கிளற மனமில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள் ஆறப்போட்டால் அழகான வார்த்தைகளாகத் தேடி எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்த மடலில் பாதிக்கு மேல் ஒரே ஒரு அக்காவைப் பற்றித்தான் இருக்கும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளம் கையைவிட்டுப் போன மறுநாளே எண்ணெய் மில்கார அண்ணன் கூப்பிட்டு, கொப்பரைக் களத்தில் ஒரு பக்கத்தை எங்களுக்கு ஒதுக்கித் தருவதாகச் சொன்னார். தை மாசம். மழைக்குப் பயமில்லாமல் தேங்காய்ப் பருப்புக் காயப்போடுகிற காலம். அந்தச் சமயத்தில் களத்தில் ஒரு பக்கத்தை விட்டுக்கொடுப்பது என்றால் எத்தனை மூட்டைக் கணக்கு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதிக்கும் குறைவு. லேத் பட்டறை அண்ணன் ஒரே ராத்திரியில் இரும்புக் குழாயில் கம்பம் பற்றவைத்து, சரியாக 10 அடி உயரத்தில் வளையத்தை மாட்டிக் கொடுத்தார். போதும், ஒரு வளையம் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினோம்.

ஆனால் கொப்பரைக் களத்துச் சிமெண்ட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. வருசக்கணக்காகப் பருப்பு காய்ந்து காய்ந்து எண்ணெய் குடித்த தரை அது. பகலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் பருப்பைக் கூட்டி அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு பனி லேசாக இறங்கினால் போதும், கால் நிற்காது. இரண்டாம் நாள் ஏழாவது படிக்கிற பிள்ளை ஓடிவந்து இரண்டு காலையும் ஊன்றி நிற்கப் பார்த்தாள். கால் முன்னே போய்விட்டது, அவள் பின்னால் விழுந்தாள். இடுப்பில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் கை நடுங்கியது.

என் முட்டியும் அப்படித்தான் போனது. பெரிய போட்டிகளில் வளையத்துக்குக் கீழே துணியோடு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். யாராவது விழுந்து எழுந்தால் ஓடிவந்து வியர்வையைத் துடைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நான் ஆடிய இடத்தில் துடைக்க ஆள் இல்லை. பந்தைப் பிடிக்க எம்பினேன், பிடித்தும்விட்டேன், ஈரத்தில் இறங்கினேன். யாரும் இடிக்கவில்லை. முட்டிக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம், ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். ஒரு சீசன் ஆடினேன். மறுபடியும் அதே முட்டி. 12 வயதில் பந்தைத் தொட்டவள், 27 வயதில் நிறுத்தினேன்.

கோயமுத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை நடக்கும்போதெல்லாம் அப்பா என்னை பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுவார். வடக்கே இருந்து வந்த ராணுவ அணிக்காரர்களின் உயரத்தை அண்ணாந்து பார்த்தபடி வளர்ந்தவள் நான். பிறகு பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையில் அதே ஊரில் நானே ஆடினேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் வேலை கிடைத்தபோது, அனிதா பால்துரை அக்காவைப் போல 30 வயது தாண்டியும் ஆட வேண்டும் என்பதுதான் ஆசை. 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர், குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடியவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் முட்டியில் பட்டையோடு இருந்தேன். சந்தோசத்தில் அழுகிறேனா, என்னை நினைத்து அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் அந்தப் பிள்ளை விழுந்த ராத்திரி முடிவே செய்துவிட்டேன், களம் வேண்டாம் என்று. தளம் திரும்பக் கிடைக்கும்வரை பயிற்சியே இல்லை. மண்டல அளவில் ஆடப்போகிற வருசம் வீணாய்ப் போனாலும் போகட்டும், ஒரு பிள்ளையின் முட்டியைப் பணயம் வைக்க மாட்டேன். பெற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் மறுநாள் சாயங்காலம் போனேன்.

களத்தில் வேலை செய்கிற அக்கா ஒருவர் தரையில் குத்தவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வாளியில் பச்சையாக ஏதோ கரைத்திருந்தது. கிட்டப் போனதும் வாசம் வந்தது. அரப்பு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது எங்கள் அம்மாயி தலையில் வைத்துத் தேய்ப்பாரே, அதே வாசம்.

"என்னக்கா பண்றீங்க?" என்றேன்.

"தலையில இருக்கற எண்ணெயவே எடுத்துப்போடுது, தரையில இருக்கறத எடுக்காதுங்களா?" என்றார் நிமிராமலே.

எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். அவர் களம் முழுக்கத் தேய்க்கவில்லை. வளையத்துக்குக் கீழே அரைவட்டமாக ஒரு இடம், இடது பக்கம் பிள்ளைகள் ஓடிவந்து நிற்கிற இடம், வலது பக்கம் ஒன்று. அங்கே மட்டும் சிமெண்ட் வெளுத்திருந்தது.

"பொண்ணுங்க எங்கெங்க குதிச்சு எறங்கறாங்கன்னு நேத்துப் பாத்தனுங்க. மொதல்ல அதத் தேச்சுட்டா இன்னைக்குப் பொழுதுக்கு ஆகும். மீதிய நாளைக்குத் தேச்சுக்கலாமுங்க."

பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் 6 வாரம் பயிற்றுநர் படிப்புப் படித்தவள் நான். பெண் பிள்ளைகளுக்கு இந்த ஜவ்வு கிழிகிற ஆபத்துப் பையன்களைவிட அதிகம் என்பதும், பெரும்பாலும் யாரும் இடிக்காமலே எம்பி இறங்கும்போதும் திடீரென்று திரும்பும்போதும்தான் கிழிகிறது என்பதும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஐந்து வருசமாக என் கண் பந்தின் மேலும் வளையத்தின் மேலும்தான் இருந்தது. போட்டது விழுந்ததா, விழவில்லையா. ஆடுகிற காலத்துப் பழக்கம் அது, பயிற்சி கொடுக்க வந்த பிறகும் போகவில்லை. கூடைப்பந்தை அதற்கு முன்னால் ஒருநாளும் பார்த்திராத அந்த அக்கா, ஒரே சாயங்காலத்தில் பிள்ளைகளின் காலைப் பார்த்திருக்கிறார். எங்கே இறங்குகிறார்கள் என்று மனசில் குறித்து வைத்திருக்கிறார்.

ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "கூடையோட வுழுந்தனுங்க. இதே எடந்தான்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தார்ப்பாய் மூடப் போய்விட்டார்.

அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லாமல் பயிற்சியைத் தொடங்கினேன். அன்றிலிருந்து முதல் இருபது நிமிசம் பந்தே கிடையாது. எம்புவது, இறங்குவது, அவ்வளவுதான். முட்டியை மடக்கி இறங்கு, இரண்டு காலையும் சேர்த்து ஊன்று, முட்டி உள்பக்கம் சாயக்கூடாது, சத்தமில்லாமல் இறங்கு. பிள்ளைகள் முதலில் முனகினார்கள். பிறகு யார் பொட்டாட்ட இறங்குவது என்று அவர்களுக்குள்ளேயே போட்டி வந்துவிட்டது.

மூன்று மாதமும் அக்கா தினமும் தேய்த்தார், கூட்டினார். காசு கொடுத்தபோது, "வேண்டாமுங்க, சும்மா இருங்க டீச்சர்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருநாள் வலையைப் பார்த்து, "இந்தக் கூடைக்கு ஏனுங்க அடி இல்ல?" என்று கேட்டார். 1891இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்கிற வாத்தியார் இதைக் கண்டுபிடித்தபோது பழக்கூடையைத்தான் கட்டினார்கள், அதற்கு அடி இருந்தது, ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் பந்தை எடுத்தார்கள் என்றேன். "அப்பத் தேங்கா பறிக்கற மாதர" என்று சிரித்தார். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் மனசாரச் சந்தோசமாக இருந்த சாயங்காலங்களில் அதுவும் ஒன்று.

போன வாரம்தான் ஒரு விசயம் தெரிந்தது. மினி பஸ் கண்டக்டர் தம்பி சொன்னார். அக்கா வழக்கமாகப் போகிற பஸ் 5.40க்கு. எங்களுக்காகத் தேய்த்து, கழுவி, தண்ணீரை வழித்துவிட்டு வருவதற்குள் அது போய்விடும். அடுத்தது இல்லை. இத்தனை நாளும் அவர் ஊருக்கு நடந்தே போயிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வண்டி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன், குறையாக நினைக்காதீர்கள். மில்கார அண்ணன், லேத் பட்டறை அண்ணன், விளக்குக்குத் தன் வீட்டிலிருந்தே ஒயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அப்பிச்சி, திருப்பூரிலிருந்து பனியன் தைத்து அனுப்பிவிட்டுப் பேர் போடக்கூடாது என்ற அண்ணன், ஒரே ராத்திரியில் போனிலேயே பணம் திரட்டிய என் பழைய அணித் தோழிகள், மனுவோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்த உடற்கல்வி ஆசிரியர், வேலைக்கு லீவு போட்டு அவரோடு போன அப்பாமார்கள், தினமும் சுண்டலும் வெல்லமும் கொடுத்தனுப்பிய அம்மாமார்கள், பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருவரைக்கூட நிறுத்திக்கொள்ளாத பதினெட்டு வீடுகள். உங்களில் ஒருவர் கையை விட்டிருந்தாலும் நேற்று அந்தப் பூட்டு திறந்திருக்காது.

ஆட்டத்தை நிறுத்திய பிறகு நான் வெகுநாள் கோபமாக இருந்தேன். பயிற்சி கொடுக்க வந்த முதல் வருசம் பிள்ளைகளைத் திட்டினேன். உங்கள் வயதில் நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்று என் ஆட்டத்தையே அவர்களிடம் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நேரில் வந்து கூப்பிடப் போகிறேன். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம்.

களத்தைவிட்டுக் கிளம்பிய அன்று அக்கா ஒரு பிள்ளையிடம் புது ஈக்குமாறு ஒன்றும் அரைப்படி அரப்பும் கொடுத்தனுப்பியிருந்தார். நம் தளத்தில் எண்ணெய் இல்லை, அரப்புக்கு வேலை இருக்காது. ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஈக்குமாறு கம்பத்துக்குப் பின்னால் சாத்தியிருக்கிறது. தினமும் பயிற்சிக்கு அரைமணி முன்னால் வந்து நானே கூட்டுவேன், வளையத்துக்குக் கீழே குனிந்து கையால் தடவிப் பார்ப்பேன். என் முட்டி மடங்குகிறவரை இதை வேறு யாரிடமும் விடமாட்டேன்.

அக்கா, இதை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு லீவுதானே? அன்றைக்குப் பொழுதோட எங்கள் தளத்துக்கு வாங்க. பிள்ளைகள் எப்படி இறங்குகிறார்கள் என்று நீங்கள் பார்த்துச் சொல்லோணும். மினி பஸ்ஸை நினைத்துக் கவலைப்படாதீங்க. நானே வண்டியில் வந்து கூட்டிப்போய், நானே கொண்டுவந்து விடுகிறேன்.

உங்கள் எல்லோருடைய
கோச் அக்கா,
காங்கேயம்