கல்லணைக்கு வருகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் திருச்சியிலிருந்து ஒரே நாளில் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு எல்லாம் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் அந்தச் சாலையோரமே 3 ஏக்கர் வைத்துப் பாடுபடுகிறவன் என்பதால், படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில், எப்போது வர வேண்டும் என்பதே கட்டுரையில் இல்லை. போன ஏப்ரலில் சென்னைக்காரர் ஒருவர் பாலத்தில் காரை நிறுத்தி, "சார், காவிரி எந்தப் பக்கம்?" என்று என்னிடம் கேட்டார். அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தார், பாவம். கீழே மணலும் நாணலும் நாலு மாடும்தான். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பார்கள், மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்து சேரும், பூவும் நெல்மணியும் தூவி இங்கே திறப்பார்கள். அதற்குப் பிறகு வாருங்கள். ஆடிப்பெருக்கன்று மட்டும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அப்புறம் வயல்களைப் பச்சை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள், அதில்தான் எனக்கு வருத்தம். நாற்றங்கால் கிளிப்பச்சை, நட்டு ஒரு வாரம் பயிர் வெளிறிக் கிடக்கும், வேர் பிடித்ததும் கருகருவென்று ஏறும். ஐப்பசி கார்த்திகையில் சம்பா நிற்கும்போது பார்க்க வேண்டும். தையில் அதே வயல் மஞ்சள், அறுத்த கையோடு உளுந்தும் பயறும் முளைத்து மறுபடி வேறொரு பச்சை.

கல்லணையில் கரிகாலன் சிலையோடு செல்பி எடுத்துக்கொண்டு ஓடிவிடாமல் கொஞ்சம் நில்லுங்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடம் அதுதான். இதில் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு 1934-ல் வந்தது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் விளைவது அந்தத் தண்ணீரில். கொள்ளிடம் வெள்ள காலத்து வடிகால். அதில் குளிக்க மட்டும் இறங்காதீர்கள், மேலே அமைதியாகத் தெரியும், அடியில் பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரனுக்கே தெரியாது.

திருவையாற்றில் ஐந்து ஆறும் ஒன்றாக ஓடுவதுபோல எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை சார். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலம் வரும், பிள்ளைகளை எண்ணச் சொன்னால் பொழுது போகும். என் மகள் சின்ன வயதில் ஒவ்வொரு முறையும் நாலுதான் எண்ணுவாள், வடவாற்றை வாய்க்கால் என்று விட்டுவிடுவாள்.

இப்போது சொல்ல வந்த விஷயம். எங்கள் வயலை ஒட்டி ஒரு மதகு, பக்கத்தில் பூவரச மரம், நல்ல நிழல். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே உட்காருவார்கள், உட்காரட்டும், தண்ணீர் கேட்டால் வீட்டிலிருந்தே கொண்டுவந்து தருவோம். சிலர் பாட்டிலோடு வருகிறார்கள். குடித்து முடித்ததும் மதகுச் சுவரில் அடித்து உடைப்பதில் என்ன சந்தோஷமோ தெரியவில்லை. அந்தச் சில்லு வாய்க்காலில் விழுந்து, மடை வழியாக வயலுக்கு வந்து, சேறடிக்கும்போது உள்ளே போய்விடும். போன குறுவை நடவில் ஒரு அக்கா திடீரென்று நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார். சேற்றுக் காலில் ரத்தம் தெரியவில்லை, செம்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகுதான் குதிகால் பிளந்திருந்தது தெரிந்தது. நாலு தையல். நடவு வேலையே வருஷத்தில் கொஞ்ச நாள்தான், அதில் பத்து நாள் அவருக்குப் போய்விட்டது. நான் கொடுத்த பணத்தை வாங்கவும் கூச்சப்பட்டார், "நீங்களா உடைச்சீங்க தம்பி" என்றார்.

உள்ளூர்க்காரன் குடிப்பதில்லையா என்று கேட்பீர்கள். குடிக்கிறான். ஆனால் மறுநாள் அந்த வயலில் இறங்கப்போவது தன் வீட்டு ஆள்தான் என்று அவனுக்குத் தெரியும்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. அறுவடை சமயத்தில் தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போடுகிறோம், பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், எல்லா ஊரிலும் களம் போதவில்லை, வேறு எங்கே கொட்டுவது? களம் கட்டித் தரச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தாகிவிட்டது. அதுவரை நெல்லைப் பார்த்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள், ஹாரன் அடித்தால் நெல் எழுந்து ஓடாது.

அடுத்த முறை இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும்போது ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள் போதும்: பாட்டிலை வண்டியிலேயே திருப்பி எடுத்துப் போங்கள், படம் எடுக்க வரப்பில் நில்லுங்கள், நாற்றங்காலில் இறங்காதீர்கள்.

இன்னொரு சின்னத் திருத்தம். திருவையாறு அசோகாவைக் கோதுமை அல்வா என்று போட்டிருந்தீர்கள். அதில் கோதுமை மாவு பேருக்குத்தான், அது பாசிப்பருப்பில் செய்வது. என் மனைவி இதைக் கட்டாயம் எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பூதலூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.