விடியலும் உன் வலது கண்ணும்

அன்புள்ள நண்பனுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. வலது கண்ணால் பார்த்தால் சுவர் பளிச்சென்று வெள்ளை, இன்னும் புரை எடுக்காத இடது கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழுப்பு என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு மாதமாக எனக்குக் கடற்கரையில்தான் விடிகிறது. "சூரியன் தினமும்தானே உதிக்கிறது, ஒரு படத்துக்கு இத்தனை நாளா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான்.

நம் கண் பார்ப்பதைக் கேமரா பார்ப்பதில்லை. சூரியன் தலைகாட்டியதும் அதற்கும் காலடியில் கிடக்கும் ஈர மணலுக்கும் வெளிச்சத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கண் இங்கும் அங்கும் பார்த்து இரண்டையும் சமாளித்துக்கொள்கிறது. கேமராவை மணலுக்கு ஏற்றபடி வைத்தால், சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை விழுந்திருக்கும். சூரியனுக்கு ஏற்றபடி வைத்தால் கரையே இல்லை, எல்லாம் கருப்பு. இருட்டில் ஒளிந்திருப்பதை ஓரளவு பிறகு வெளியே கொண்டுவரலாம், ஆனால் ஒரேயடியாக வெளுத்துப்போனதை யாராலும் மீட்க முடியாது. அதனால் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைலாக, சற்று இருட்டாகவே எடுக்கிறேன். பாதி கருத்து பாதி தெளிவாக இருக்கும் ஃபில்டர் ஒன்றும் கூடவே வரும். தொடுவானம் நேர்கோடு என்பதால் கடலில் அது நன்றாகவே உதவுகிறது. வேறுவேறு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து ஒன்றாக இணைக்கலாம்தான். ஆனால் அதுவரை அலை நிற்குமா? ஒவ்வொரு படத்திலும் நுரை ஒவ்வொரு இடத்தில் இருக்கும்.

நேரமும் கொஞ்சம்தான். பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் செங்குத்தாக ஏறுவதால், விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். துருவத்தை நோக்கிப் போகப்போக அது சாய்ந்து ஏறும், அவகாசமும் கூடும். இன்னொன்று தெரியுமா? வட்டத்தின் அடி விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது உண்மையான சூரியன் இன்னும் தொடுவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. காற்று ஒளியை வளைத்து நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. இதை அறிந்த பிறகு அந்த நிமிடத்தில் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் படம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. உதயத்துக்கு முந்தைய இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் எனக்கு உயிர். மேலே பஞ்சுப்பிசிறு போன்ற மேகம் இருந்தால் சூரியன் வருவதற்குள்ளேயே அது சிவந்துவிடும். தொடுவானத்தில் தாழ்வாக ஒரு மேகப்பட்டை படுத்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தேறாது. பாதி நாள் அப்படித்தான் திரும்புகிறேன்.

அந்த மங்கலில் ஷட்டரை அரை விநாடியாவது திறந்து வைக்க வேண்டும், ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது. திரும்பிப் போகும் அலை அதன் காலைச் சுற்றியிருக்கும் மணலைச் சுரண்டிக்கொண்டு போவதைக் குனிந்து பார்த்திருக்கிறேன். காலைச் சுற்றி சின்னதாக ஒரு குழி, அதில் சுழலும் நுரை, பிறகு ஸ்டாண்ட் ஒரு நூலளவு சாயும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஆனால் படத்தில் கடலே ஒரு பக்கம் வழிவது போல இருக்கும். இப்போதெல்லாம் மூன்று காலையும் அழுத்திப் புதைத்து, இரண்டு அலை வந்துபோகும் வரை காத்திருந்துதான் தொடங்குகிறேன்.

உன் கண் நினைவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸ் மாட்டிய பழைய எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே கண்ணால் பார்த்து எடுக்கும் கேமரா, எதுவும் உன்னிடம் இருந்தால், அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே பார்க்காதே. விழித்திரை போய்விடும்.

சரி, வண்ணத்துக்கு வருகிறேன். எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா விடியலைச் சரிசெய்ய வேண்டிய தவறாக நினைத்து, செம்மையைக் கழுவிவிடுகிறது. அதனால் பகல் வெளிச்சத்துக்கான அளவிலேயே நிறுத்திவிடுகிறேன். செம்மை அதில் அடங்கிவிட்டது. சூரியனுக்கு முந்தைய கடலின் நீலம்தான் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் ஒருநாள் அதிகம் என்று படும், மறுநாள் குறைவு என்று படும்.

உன் சுவரைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. புரை நீலத்தைத் தின்றுவிடும் என்றால், உன் வயதே ஆன என் கண்ணும் கொஞ்சம் மஞ்சளித்துத்தான் இருக்கும். நான் எதை நம்பி அந்த நீலத்தை முடிவு செய்வது?

இத்துடன் இரண்டு பிரிண்ட் வைத்திருக்கிறேன். ஒரே காலை, ஒரே ஃபைல், நீலம் மட்டும் வேறு. டாக்டர் வெளியே போகலாம் என்று சொன்ன பிறகு, ஒருநாள் விடியுமுன் எழுந்து வானத்தைப் பார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பார்த்து, எது சரி என்று எழுது. அதுவரை இந்தப் படத்தைத் தொடமாட்டேன்.

சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்