விளக்கு சிமிட்டுகிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம். மேடை எல்இடி விளக்குகள் நிகழ்ச்சி நடுவில் சிமிட்டுகின்றன, தானாக நிறம் மாறுகின்றன என்று இந்த வாரமும் குழுவில் கேள்வி வந்தது. விளக்கைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள். மைக் கேபிளும், கன்ட்ரோலரிலிருந்து விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் கேபிளும் பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் டிஎம்எக்ஸ் சிக்னல் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஓடுகிறது. அதற்கென்று செய்த கேபிள்தான் வேண்டும். வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னலை முனையில் உள்வாங்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வரும், தொல்லை அங்கேதான் ஆரம்பம். ஒன்றை இரண்டாகக் கிளைக்கும் ஒய் கேபிளால் சிக்னலைப் பிரிக்கவே வேண்டாம். சிக்னலைப் பல வரிசைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர் எதற்கு இருக்கிறது? ஒரு வரிசையில் 32 விளக்குக்கு மேல் போகாதீர்கள்.

அப்புறம், மெதுவாக அணைக்கும்போது வெளிச்சம் விட்டுவிட்டுக் குதிக்கிறதா? அது கேபிள் கோளாறு அல்ல. 8 பிட் மோடில் வெளிச்சத்துக்கு 256 படிகள்தான். மங்கலான நிலையில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 16 பிட் மோடு இருந்தால் 65,536 படிகள். சரி, ஆனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கு மட்டும் இரண்டு சேனல் (கட்டளை போகும் தடம்) போய்விடும், ஒரு யூனிவர்ஸில், அதாவது ஒரு டிஎம்எக்ஸ் இணைப்பில், இருப்பதே 512 சேனல்தான். மோடு மாற்றினால் முகவரிகளையும் (ஒவ்வொரு விளக்கின் முதல் சேனல் எண்) திரும்ப எண்ணிப் போடுங்கள்.

இனி கேள்வி கேட்கும்போது மோடு, முகவரி, வரிசையில் எத்தனை விளக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.